கொடிக்குப் போன கூறை

சந்திரமதியின் கூறைப்புடவைக்கு முப்பது காட்டி, அதாவது நாற்பது ராத்தல், அரிசி என்று விலை சொன்னார் ஜவுளிக்கடை நெய்னா முகம்மது. கல்லும் புழுவும் கலந்த ரேஷன் அரிசி அல்ல, சண்டைக்கு முந்தைய பர்மா அரிசி. சிராங்கூன் சாலையில், ஜப்பான்காரன் ஆண்ட நாற்பத்து மூன்றாம் வருஷம், அப்படி ஒரு விலையைக் காதால் கேட்பதே பாதி வயிறு நிறைந்த மாதிரி. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டைத் தலையணை உறையில் திணித்துக்கொண்டு போனாலும் மரவள்ளிக் கிழங்குதான் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது.

சேதுபதி மனைவியின் புடவையை விற்க வரவில்லை. ஓரத்தில் பூச்சி அரித்தது போல இருந்தது. அந்துருண்டை கிடைக்குமா என்று கேட்க வந்திருந்தான்.

"அந்துருண்டையா? அது வெள்ளைக்காரனோட கப்பல் ஏறிப் போயிடுச்சு தம்பி," என்றார் நெய்னா. அவருடைய விரல்கள் புடவையின் ஓரத்தைத் தாமாகவே நீவிக்கொண்டிருந்தன. "பூச்சிக்கு ஒரே வைத்தியம் இருக்கு. என்கிட்ட குடுத்துடு. அப்புறம் பூச்சி என் கவலை."

"இது விக்கறதுக்கு இல்ல பாய்."

"நல்ல மிளகாப்பழச் சிவப்பு. எத்தனை முழம்?"

"பதினெட்டு."

"முப்பத்தஞ்சு காட்டி. அதுக்கு மேல கேட்டா நான் என் தாடியத்தான் நிறுத்துத் தரணும்."

"அவ வந்து கேட்டா என்ன சொல்றது?"

நெய்னா இரண்டு தலைமுறையாகத் துணி விற்கும் குடும்பம். எந்தச் சரக்கு விலை படியும், எது படியாது என்பது அவருக்கு ஆளின் கண்ணைப் பார்த்தாலே தெரியும். புடவையை மடிப்புக் கலையாமல் மடித்து, நடுவில் வேப்பிலை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். வேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை. அவர் வாழ்நாளில் அப்படி நடந்தது அபூர்வம்.

சண்டைக்கு ஆறு மாதம் முன்னால், தங்கைக்குப் பிரசவம் என்று சந்திரமதி நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினாள். "மூணு மாசத்துல வந்துடுவேன். இதை எதுக்குத் தூக்கிட்டு அலையணும்?" என்று கூறையைத் தகரப் பெட்டியிலேயே விட்டுப் போனாள். மூன்று மாதம் ஆறு ஆனது. பிறகு குண்டு விழுந்தது. பிறகு கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. அவள் போன பிறகு சேதுபதி குடியேறிய, ஃபேரர் பார்க் பக்கத்துச் சந்தில் எட்டுப் பேர் படுத்த அறையில் ஆறு பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ஒருவன் தானாகவே எங்கோ போனான். எட்டுப் பாய் விரித்த இடத்தில் சேதுபதி ஒரு பாயை விரித்து, எந்த மூலையில் போட்டாலும் அறை சாய்ந்திருப்பது போலவே உணர்ந்தான். பெட்டியில் புடவை இருக்கும்வரை அவள் வருவாள் என்பது அவனுடைய கணக்கு. சாமான் விட்டுப் போனவர்கள் திரும்பி வந்துதானே ஆகவேண்டும்.

அவனுக்கு வேலை புக்கிட் பாஞ்சாங் சாலையில். ஷெல் விழுந்து பிளந்த இடங்களைத் தோண்டி, கல் அடுக்கி, தார் ஊற்றும் கூலிக் கூட்டத்தில் அவன் கொடி பிடிப்பவன். பள்ளத்தில் பதினொரு பேர் வேலை செய்வார்கள். சேதுபதி மட்டும் அங்கிருந்து நடந்து எண்ணினால் இருநூற்றிருபது எட்டு தள்ளி, இறக்கத்தின் மேலே நிற்பான். ஓடி வரும் லாரி பிரேக் போட்டு நிற்பதற்கு அவ்வளவு தூரம் வேண்டும். பள்ளத்தில் சிரித்தால் சத்தம் அவனுக்கு வரும், எதற்குச் சிரித்தார்கள் என்பது வராது. மறுமுனையில் ஜப்பான்காரனின் காவல் சாவடி இருந்தது. அங்கே எல்லா வண்டியும் நின்று, குனிந்து வணங்கிவிட்டுத்தான் வரும் என்பதால் அந்தப் பக்கம் கொடி தேவைப்படவில்லை.

சேதுபதிக்குப் பக்கத்தில் ஒரு வேகப் பலகை. அதில் 15 என்று வெள்ளையில் எழுதியிருந்தது. எழுதியவர் சாலைக் கந்தோர் கிளார்க் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர்; ஆபீஸை அவர் கந்தோர் என்றதால் எல்லோருக்கும் அது கந்தோர். வெள்ளைக்காரன் இருந்தபோது அதே பலகையில் பத்து மைல் என்று எழுதியவரும் அவர்தான்.

"பத்து மைல் எண்டால் பதினாறு கிலோமீட்டர்," என்று அவர் விளக்கினார். "இவங்கள் பதினைஞ்சு எண்டுறாங்கள். அந்த ஒண்டு யுத்தச் செலவாக்கும்."

பலகையை யாரும் மதிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் ஊர் லாரிகள் எல்லாம் முதுகில் கொப்பரை கட்டி, கரி எரித்து, அந்தப் புகையில் ஓடின. இறக்கத்தில் வந்த வேகத்தை விட்டுவிட்டால், பள்ளத்தைத் தாண்டி வரும் ஏற்றத்தில் கரி லாரி ஏறாது. நடுவழியில் நின்று பெருமூச்சு விடும். அதனால் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகை, ஓட்டுநர்களுக்குப் பிழைப்பைக் கெடுக்கும் பலகையாகத்தான் தெரிந்தது.

இதற்கு வழி கண்டுபிடித்தவன் துரைசாமி. பள்ளத்தில் தார் வாளி தூக்குபவன், வாய் மட்டும் ஓயாதவன். மத்தியான வேளையில் கிழங்குப் பொட்டலத்தோடு இருநூற்றிருபது எட்டும் ஏறி வந்து, சேதுபதியோடு உட்கார்ந்து தின்பவன் அவன் ஒருவன்தான்.

"அண்ணே, அவனுக்கும் நமக்கும் பேரம் பேசிடுவோம்லா," என்றான் ஒரு நாள். "நீ மெதுவா வா, ஏத்தத்துல நாங்க நாலு பேர் தள்ளி விடுறோம்னு சொல்லுங்க. அவனுக்குக் கரி மிச்சம். நமக்கு உசிரு மிச்சம்."

"தள்ளுறதுக்குத் தெம்பு வேணாமா?"

"கிழங்கு தின்னு கிடைக்கிற வாயுவ வேற எதுக்கு வச்சிருக்கோம்?"

பேரம் படிந்தது. ஒரு வாரத்தில் கரி லாரிகள் எல்லாம் பலகையைக் கண்டதும் ஆமையாக ஊர்ந்தன. பின்னால் நாலு பேர் கை கொடுத்தால் ஏற்றத்தில் மரியாதையாக ஏறின. வேகக் கட்டுப்பாட்டை இப்படிக் கொடுக்கல் வாங்கலாகச் செய்துகொண்ட சாலை அந்தத் தீவில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ராணுவ லாரிகளோடு பேரம் பேச முடியாது. அவற்றுக்குப் பெட்ரோல் இருந்தது, அவசரம் இருந்தது. அவை ஒன்றுக்கு மட்டும் பயந்தன, சிவப்புத் துணிக்கு. மண்ணில் புதைந்து வெடிக்காமல் கிடந்த ஷெல் இருக்கும் இடங்களில் சிவப்புத் துணி கட்டி வைப்பது அப்போது வழக்கம். சாலையில் சிவப்பு ஆடினால் எந்தப் படைக்காரனின் காலும் தானாக பிரேக்கைத் தேடும்.

ஆனால் கந்தோர் கொடுத்த சிவப்புக் கொடி, வெயிலும் மழையும் பட்டு ஓரமெல்லாம் இற்றுப் போயிருந்தது. நடுவில் மட்டும் தட்டு அகலத்துக்குச் சிவப்பு மிச்சம். சேதுபதி சிக்கனக்காரன். இற்றதைக் கத்தரித்து எறிந்துவிட்டு, நல்ல பாகத்தை வட்டமாக வெட்டி, பெரிதாகத் தெரியட்டும் என்று தன் வெள்ளை வேட்டித் துண்டின் நடுவில் வைத்துத் தைத்தான். கொடியைப் பிடித்திருப்பவனுக்குத் துணியின் கிழிசல் தெரியும், கொடி தெரியாது.

அன்று காலை முதலில் வந்த சீனன் சைக்கிளிலிருந்து இறங்கி, கிழங்கு மூட்டையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, இடுப்பு மடிய வணங்கினான். அடுத்து வந்த மாட்டு வண்டிக்காரர் மாட்டையும் நிறுத்தி, தானும் வணங்கினார். கரி லாரி ஓட்டுநர்கள் வரிசையாக இறங்கி வணங்கினார்கள். சேதுபதிக்குப் பெருமையாக இருந்தது. வேகக் கட்டுப்பாட்டுக்கு இவ்வளவு மரியாதை உலகத்தில் எங்குமே கிடைத்திருக்காது என்று நினைத்தான்.

பிறகு ராணுவ லாரி வந்தது. பின்னால் இருந்த சிப்பாய்கள் எல்லோரும் எழுந்து நின்று, கை தூக்கி, வாழ்த்துக் கோஷமாக "பன்சாய்" என்று முழங்கியபடி, முன்பைவிட வேகமாகப் போனார்கள். பள்ளத்தில் இருந்தவர்கள் தார் வாளியைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள்.

துரைசாமி மூச்சிரைக்க ஏறி வந்தான். கொடியை முன்பக்கமாக நின்று பார்த்தான். அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அண்ணே, நீங்க என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? அவனோட தேசக் கொடிய எடுத்து அவனுக்கே ஆட்டிட்டிருக்கீங்க. சீக்கிரம் சுருட்டுங்க."

சுருட்டுவதற்குள் சாவடியிலிருந்து சார்ஜண்ட் வந்துவிட்டான். குழி தோண்டும் இடத்தில் பேரரசரின் கொடியைக் கூலிக்காரன் ஆட்டுவதா என்று அவன் கேட்டது பாஷை புரியாமலே புரிந்தது. சேதுபதிக்கு இரண்டு அறை. கணக்கு எடுக்க வந்த பாவத்துக்கு அம்பலவாணருக்கு ஒன்று. பிறகு சார்ஜண்ட் அந்த வேட்டித் துண்டை இரண்டு கையாலும் வாங்கி, பயபக்தியோடு மடித்து எடுத்துப் போனான். சேதுபதியின் வேட்டிக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு யோகம் வாய்த்ததில்லை.

அம்பலவாணர் மூக்குக் கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டு கேட்டார். "கந்தோரிலை சிவப்புத் துணி ஒரு துண்டும் இல்லை. எழுதிப் போட்டால் ரெண்டு மாசம் ஆகும். உம்மடை வீட்டிலை ஏதும் சிவப்பு இருக்கோ? பழசு கிழிசல் எண்டாலும் காரியமில்லை."

பெட்டியும், வேப்பிலையும், மிளகாய்ப்பழச் சிவப்பும் சேதுபதியின் கண்ணுக்குள் ஒரு கணம் வந்து நின்றன.

"இல்லைங்க," என்றான். "வீட்டுல சிவப்பு ஒண்ணும் இல்ல."

கிளார்க் நம்பினார். தனியாள் வீட்டில் என்ன இருக்கப் போகிறது.

மறுநாள் அவன் வெறும் கையை ஆட்டினான். கரி லாரிகள் கைக்கே நின்றன. அவனுக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய பால் டின் இருக்கும். வேகம் குறைத்த வண்டிக்கு ஒரு கல் ஒரு டின்னில், குறைக்காததற்கு ஒரு கல் மற்றதில். சாயங்காலம் அம்பலவாணர் வந்து எண்ணி ரிப்போர்ட்டில் எழுதுவார். எந்த டின்னில் எத்தனை இருந்தாலும் அவர் எழுதுவது ஒன்றுதான், எல்லா வண்டியும் பணிந்தன. மேலே உள்ளவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்பார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ராணுவ லாரி வந்தது. சேதுபதி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான், நடு ரோட்டுக்கே போனான். ஓட்டுநர் ஹாரன் அடித்தான். கடைசி நொடியில் சேதுபதி ஒதுங்கினான். லாரி காற்றாகக் கடந்து இறங்கியது. இருநூற்றிருபது எட்டுத் தூரத்தில், கிழங்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இவனைப் பார்த்து ஏற ஆரம்பித்திருந்த துரைசாமி சாலையோரத்தில் இருந்தான். அவ்வளவு தூரத்திலிருந்து அது சின்னதாகத்தான் தெரிந்தது. ஒரு பொட்டலம் மேலே போய்க் கீழே விழுந்தது போல.

துரைசாமியின் தொடை எலும்பு உடைந்திருந்தது. கரி லாரியில் தூக்கிப் போட்டார்கள். ஏற்றத்தில் அதைத் தள்ள அன்றைக்கு மூன்று பேர்தான் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அம்பலவாணர் டின்களை எண்ணவில்லை. ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். "இண்டைக்கு எழுத வேண்டாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சேதுபதி அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தான். வேப்பிலை காய்ந்து சருகாகியிருந்தது. கத்தரிக்கோல் எடுக்கக் கை வரவில்லை. பல்லால் ஓரத்தைக் கடித்து, ஒன்றரை முழம் நேராகக் கிழித்தான். துணி கிழியும் சத்தம் வெறும் அறையில் நீளமாகக் கேட்டது. யாராவது ஒருவர் பக்கத்துப் பாயில் இருந்து, என்னய்யா சத்தம் என்று அதட்டினால் நன்றாக இருக்கும் என்று அவனுக்கு இருந்தது.

காலையில் பலகைக்குப் பக்கத்தில் கூறை ஆடியது. முதல் ராணுவ லாரி நூறு எட்டுக்கு முன்னாலேயே பிரேக் போட்டது. டயர் தேய்ந்த வாடை வந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தான், சிவப்பைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான், ஊர்ந்து போனான். சேதுபதி ஒரு கல்லை எடுத்து டின்னில் போட்டான். நேற்று இந்தக் கல் விழுந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு அன்று ஒவ்வொரு கல்லோடும் விழுந்தது. சாயங்காலம் ஒரு டின் நிறைந்திருந்தது, மற்றது காலியாக இருந்தது. அம்பலவாணர் முதன்முதலாகப் பொய் இல்லாமல், எல்லா வண்டியும் பணிந்தன என்று எழுதினார். எழுதிவிட்டுக் கொடியைப் பார்த்தார். ஓரத்து ஜரிகையைப் பார்த்தார்.

"இது முந்தநாளும் வீட்டிலை இருந்ததோ?"

"இருந்துச்சுங்க."

அவர் ரிப்போர்ட்டை மூடினார். அடுத்த நாளிலிருந்து கணக்கெடுத்து முடித்ததும் உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் நின்று போக ஆரம்பித்தார்.

துரைசாமி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை சேதுபதி பார்க்கப் போனபோது காயம் சீழ் பிடித்து, காய்ச்சலில் முகம் கறுத்திருந்தது. மருந்து இல்லை.

"கொடி கிடைச்சிடுச்சாமே அண்ணே," என்றான் துரைசாமி. "ஏது துணி?"

"என் வீட்டுல கிடந்துச்சு."

"எப்ப?"

சேதுபதி கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எப்பவும்தான்," என்றான்.

துரைசாமி கண்ணை மூடிக்கொண்டான். புரிந்ததா, தூங்கினானா என்று தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து, "கிழங்கு அவிச்சீங்களா?" என்று கேட்டான். அதுதான் அவன் கேட்ட கடைசிக் கேள்வி. செத்தவனுக்குப் போர்த்தக் கோடித்துணி கிடைக்காத காலம். சேதுபதி கூறையில் மூன்று முழம் கிழித்துக்கொண்டு போனான். கல்யாணம் ஆகாத பையன் கூறையோடு போகிறான் என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் யாரும் ஏறி வரவில்லை. சேதுபதி தனியாக உட்கார்ந்து தின்றான். கரி லாரிக்காரர்கள் போகிற போக்கில் கை காட்டுவார்கள். கொடி வெளுக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறையில் துணி கிழியும் சத்தம் கேட்கும்.

ஒருநாள் புக்கிட் பாஞ்சாங் பக்கம் கிழங்கு வாங்கப் போன கரி லாரியில் நெய்னா முகம்மது உட்கார்ந்திருந்தார். கொடியைக் கண்டதும் லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஓரத்தை விரலால் நீவினார். கடைக்காரரின் விரலுக்கு ஆள் மறந்தாலும் துணி மறக்காது.

"அடப்பாவி. முப்பத்தஞ்சு காட்டி அரிசிய வெயில்ல ஆட்டிக்கிட்டு நிக்கறியே."

"மிச்சம் இருக்கு பாய். வேணுமா?"

"வெட்டின கூறைக்கு எவன் விலை வைப்பான்?" என்றார் நெய்னா. கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே பள்ளத்தில் குனிந்திருந்த பத்து முதுகுகளையும் பார்த்தார். லாரியில் ஏறும்போது ஓட்டுநரிடம், "மெதுவா போப்பா," என்று மட்டும் சொன்னார்.

நாற்பத்தைந்தில் ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான். வாழை நோட்டுகள் சிராங்கூன் சாலையில் காற்றில் பறந்தன, யாரும் குனிந்து எடுக்கவில்லை. அம்பலவாணர் பலகையை அழித்துப் பத்து மைல் என்று எழுதினார். நாகப்பட்டினத்துக்குத் தபால் போகும் என்று கேள்விப்பட்ட அன்று, சேதுபதி பால் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்கார வைத்தான். அவனுக்கு எழுத வராது.

"மேல்விலாசம் சரிதானோ? நாலு வருசம் ஆச்சுது. அவள் அங்கைதான் இருப்பாள் எண்டு..."

"எழுதுங்க. இருந்தா கிடைக்கட்டும்."

"சுகம் விசாரிச்சாச்சு. இனி என்ன எழுதோணும்?"

"புடவைக் கணக்கு," என்றான் சேதுபதி. "நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுங்க. கந்தோர் ரிப்போர்ட் மாதிரி எழுதிடாதீங்க."

அம்பலவாணர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

நீ விட்டுப் போன கூறை, முழம் பதினெட்டு.
கொடி எட்டுக்கு, ஒன்றரை முழம் வீதம், பன்னிரண்டு.
துரைசாமிக்குப் போர்த்தியது, மூன்று.
பெட்டியில் இருப்பது முந்தானை மட்டும், மூன்று.
உனக்கு நான் தர வேண்டியது, முழம் பதினைந்து.
துரைசாமிக்குத் தர வேண்டியது, ஒரு நாள். அது பாக்கி.